எலுமிச்சை தேய்த்தால் பல் வெளுக்குமா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் திருமணம். பல் மஞ்சளாக இருக்கிறதென்று எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு மூன்று வாரமாகத் தேய்க்கிறாள். இப்போது மோர் குடித்தாலே கூசுகிறது என்கிறாள். தொடரலாமா?
- வாசகி, கரூர்

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு குறையக் குறைய அமிலம் கூடும்; அது 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் வெளிப்படலமான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறது. அமிலத்தில் இளகிய பல்லை உப்புக்கல் வேறு உரசுகிறது. எனாமல் மீண்டும் வளராது. அது மெலிய மெலிய, அடியிலுள்ள டென்டின்தான் தெரியும். அதன் நிறமே மஞ்சள்! வெளுக்க நினைத்தது மஞ்சளாவது இப்படித்தான். கரித்தூளும் வேண்டாம்.

கூச்சத்துக்கான ஃபுளோரைடு பற்பசையால், மென்மையான பிரஷ்ஷில், காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்கட்டும். அழுத்தித் தேய்ப்பவர்களின் பிரஷ்ஷை நான் வாங்கிப் பார்ப்பதுண்டு. தேய்ந்த துடைப்பம்போல் நார்கள் விரிந்து கிடக்கும். மகளின் பிரஷ்ஷையும் பாருங்கள்.

பிறகு பல் மருத்துவரிடம், பல்லில் படிந்து இறுகிய காறையை நீக்கிக்கொள்ளட்டும். பல நேரங்களில் மஞ்சளில் பாதி அதோடு போய்விடும். வெளுக்கும் சிகிச்சை தேவைப்பட்டால், கூச்சம் அடங்கிய பிறகு அவர் மேற்பார்வையில் மட்டும். முன்பல்லில் அடைப்போ உறையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவை வெளுக்காது.