ஜூடோவ விட்டுட்டு எம்எம்ஏ போனா துரோகமா? - கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

குடியாத்தத்துல இருந்து எழுதறேன். என் அக்கா பொண்ணுக்கு 19 வயசு, வேலூர்ல காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆறாவது படிக்கறப்பல இருந்து ஜூடோ, போன வருஷம் ஸ்டேட்ல சில்வர். இப்ப திடீர்னு ஜூடோ போதும் மாமா, காலேஜையும் விட்டுட்டு சென்னை போயி எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) கத்துக்கறேன், காசுக்கு ஃபைட் பண்ணப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. கோச் துரோகம்னு சொல்லிட்டு பேசறதையே நிறுத்திட்டாரு, அக்கா அழுதுக்கினே கீது. ஒலிம்பிக்ல கோல்டு வாங்கின ஜப்பான்காரரே போனாரே, நான் போனா மட்டும் என்னான்னு கேக்குது. இது துரோகமாண்ணா? அனுப்பலாமா?

- குடியாத்தம் வாசகர்

அன்புள்ள தம்பி,

துரோகம் இல்ல. 19 வயசு பொண்ணு தலையில தூக்கி வைக்கற வார்த்தையா அது?

அது சொல்ற ஜப்பான்காரர் சதோஷி இஷி. 2008 பெய்ஜிங்ல 100 கிலோவுக்கு மேல உள்ள பிரிவுல கோல்டு, அப்ப வயசு 21 தான். அதே வருஷம் எம்எம்ஏ போறேன்னு சொல்லிட்டாரு. ஜூடோ பொறந்த நாடு, அதுலயும் ஹெவிவெயிட் கோல்டு, சும்மா விடுவாங்களா, அவ்ளோ பேச்சு. ஆனா இது பழைய சண்டைதான் தம்பி. 1950-லயே மசாஹிகோ கிமுராங்கற ஜப்பான் ஜூடோ வீரர் காசுக்கு ஆடற ஜூடோவுக்குப் போனாரு, மறுவருஷம் பிரேசில்ல அந்த ஊரு ஜுஜுட்சு வீரர் ஹீலியோ கிரேசி கைய முறுக்கி ஜெயிச்சாரு, அந்தப் பிடிக்கே கிமுரான்னு பேரு வந்துது, ஆனா ஜூடோவோட தலைமை இடமான கோடோகன் கடைசி வரைக்கும் அவர 7-வது டானுக்கு (பிளாக் பெல்ட் படி) மேல ஏத்தவே இல்ல. 2012, 2016 ரெண்டு ஒலிம்பிக்லயும் ஜூடோ கோல்டு வாங்கின கெய்லா ஹாரிசன் 2025 ஜூன்ல யூஎஃப்சிங்கற பெரிய எம்எம்ஏ போட்டியோட சாம்பியன் பெல்ட்ட எடுத்தது அதே கிமுரா பிடியிலதான். வெளிய போனவங்களால ஜூடோவுக்கு என்ன நஷ்டம் வந்துது சொல்லுங்க.

நம்ம பக்கமே பாருங்க. சத்துவாச்சாரில வெயிட்லிஃப்டிங் சேக்கறப்பவே ரயில்வே, போலீஸ், மிலிட்டரின்னு வீட்ல கணக்கு போட்டுத்தான் சேக்கறாங்க, அதுல தப்பே இல்ல, சதீஷ் சிவலிங்கம் 2014-லயும் 2018-லயும் காமன்வெல்த் கோல்டு வாங்கினவரு, அவரும் ரயில்வே வேலைக்குத்தான் போனாரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கெடச்சதும் ஆட்டத்தையே விட்டுட்டவங்க எத்தனையோ பேரு. அவங்கள யாராவது துரோகின்னு சொன்னோமா? ஸ்வீட் குடுத்து அனுப்பினோம். அமெரிக்காவோட ரோண்டா ரௌசி பெய்ஜிங் ஒலிம்பிக் ஜூடோல வெண்கலம் வாங்கிட்டு வந்து பார்ல சரக்கு ஊத்திக் குடுத்துதான் பொழச்சாங்க, அப்புறம்தான் எம்எம்ஏ. பொழப்புக்கு வழி பண்ணாத ஆட்டம் விசுவாசத்த மட்டும் கேக்கறது எந்த ஊரு நியாயம்?

இதெல்லாம் சொல்லிட்டு, இப்ப அனுப்பாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அந்தப் பொண்ணு விரல பாத்திருப்பீங்க, டேப் சுத்தி கணு கணுவா வீங்கியிருக்கும். இத்தன வருஷமா எதிராளி காலரையும் ஸ்லீவையும் புடிச்சுப் புடிச்சு வந்தது. எம்எம்ஏ நடக்கற கேஜுக்குள்ள, அதான் கம்பி வலைக் கூண்டுக்குள்ள, காலரும் இல்ல ஸ்லீவும் இல்ல, வேர்வையில வழுக்கற தோள்தான், புடிக்கப் போற கைய அடிச்சுத் தள்ளிட்டு மூஞ்சில குத்து வரும். ஜூடோல முதுகு பதிய தூக்கி அடிச்சா இப்பான், அதான் முழு பாயிண்ட்டு, அதோட மேட்ச் முடிஞ்சுது, கேஜுல அதுக்கப்புறம்தான் வேலையே. இன்னொண்ணு, ஜூடோ புள்ளைங்க கீழ போனா குப்புறப் படுத்து சுருண்டுக்கும், கொஞ்ச நேரம் தாங்கினா ரெஃப்ரி 'மத்தே', அதான் நிறுத்துன்னு சொல்லி எழுப்பி விட்டுடுவாரு. எம்எம்ஏல அப்படி முதுக காட்டினா கழுத்த நெரிப்பாங்க, காப்பாத்த யாரும் வரமாட்டாங்க. இந்தப் பழக்கம் ஒடம்புல ஊறினது, அத மாத்தறதுக்கு காலம் ஆகும். இஷிக்கே 2009 டிசம்பர் 31 முதல் ஃபைட்டு தோல்விதான், ஜெயிச்ச ஹிடெஹிகோ யோஷிடாவும் ஒலிம்பிக் ஜூடோ கோல்டு வாங்கினவருதான், 1992-ல, ஆனா அவரு 2002-ல இருந்தே ப்ரொஃபஷனல்.

ஜூடோல இருந்து போனாங்கன்னு நான் பேர் சொன்ன இத்தன பேரும் அதுல உச்சிக்குப் போய்ட்டு எறங்கினவங்க. தூக்கி அடிச்சா எவனும் தாங்க முடியாதுங்கற அந்த ஒரு சரக்க கையில வெச்சிக்கினு போனாங்க. நம்ம பொண்ணு இன்னும் ஸ்டேட் சில்வர், நேஷனல் மெடல்கூட வரல. பாதி ஜூடோவோட போனா அங்க பாதி பாக்சிங், பாதி ரெஸ்லிங், எதுலயும் முழுசு இருக்காது.

டிகிரி முடியட்டும், இன்னும் ரெண்டு வருஷம் ஜூடோ ஆடட்டும். லீவுல மட்டும் ஒரு நல்ல பாக்சிங் கோச் கிட்ட சேத்து விடுங்க, மூஞ்சில குத்து வாங்கினா தாங்குதா, கண்ண மூடிக்குதான்னு அதுக்கே தெரிஞ்சிடும். அதுக்கப்புறமும் போறேன்னு சொன்னா தடுக்காதீங்க, அக்காவ நீங்கதான் சமாதானம் பண்ணணும். ஃபைட்டுக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு யாருது, தோத்தா காசு உண்டா, எத்தன வருஷம் கட்டி வெப்பாங்க, இத மூணையும் எழுத்துல வாங்குங்க. எடைய குறைக்கறேன்னு தண்ணி குடிக்காம கெடந்தா விடாதீங்க, அதுல உயிரே போயிருக்கு.

கோச்ச நீங்களே நேர்ல போய் பாருங்க, போன்ல வேணாம். அவரு கோவத்துல நியாயம் இருக்கு, ஆறாவது படிக்கற புள்ளைக்கு கீழ விழறதுக்குக் கத்துக் குடுத்ததே அவருதான். அவர தள்ளி வெச்சிட்டு இந்த முடிவ எடுக்காதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணு ஆட வேண்டியது அவர் மேட்லதான்.