நிலக்கரி ரயில் குறைந்தால் நல்லதுதானே?

அன்புள்ள ஐயா,

சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக நிலக்கரி ரயில்கள் குறையும், ரயில்வேக்கு அது பெரிய அடி என்று எழுதியிருந்தீர்கள். கூட்ஸ் வண்டி குறைந்தால் பயணிகள் ரயிலுக்குத்தானே வழி கிடைக்கும்? இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

ர., விழுப்புரம்

அன்புள்ள ர.,

வழி கிடைக்கும், சரி. 2022 கோடையில் நிலக்கரிக்கு வழிவிடவே நிறைய பயணிகள் ரயில்களை ரத்து செய்தார்கள். ஆனால் அந்தப் பயணிகள் ரயிலை ஓட்டக் காசு எங்கிருந்து வருகிறது?

ரயில்வேயின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. அந்தச் சரக்கில் எடைக்கணக்கில் பாதி நிலக்கரி. பயணி ஒருவருக்கு 100 ரூபாய் செலவானால் டிக்கெட்டில் திரும்புவது சுமார் 54 ரூபாய்தான் என்று அரசே சொல்கிறது. மீதியைச் சரக்குக் கூலி கட்டுகிறது. அப்படியும் 2023-24இல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவானது. நிலக்கரி குறைந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் தண்டவாளப் பராமரிப்பும் கூடவே குறையாது.

அதற்கு ஈடாக வேறு சரக்கு பிடிப்பதும் சுலபமில்லை. நிலக்கரியைச் சுரங்கத்தில் ஒரு கூட்ஸ் வண்டி முழுக்க ஏற்றி மின்நிலையத்தில் அப்படியே இறக்கிவிடலாம். பிஸ்கட்டும் துணியும் ஃபிரிட்ஜும் அப்படியல்ல. கடை வாசல்வரை போகிற லாரியிடமிருந்து அவற்றைப் பிடுங்க வேண்டும்.

இன்றைக்கு நிலக்கரி குறைந்துவிடவில்லை. 2024-25இல் நாட்டின் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. ஆனால் ரயில்வேக்குக் கூலி எடையோடு தூரத்தையும் பொறுத்தது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் கட்டினால் உற்பத்தி ஏறினாலும் கூலி அந்த அளவுக்கு ஏறாது. நம் எண்ணூருக்கு வரும் ஒடிசாவின் தால்சேர் சுரங்க நிலக்கரியையே பாருங்கள். பாரதீப் துறைமுகம்வரைதான் ரயில், அப்புறம் கப்பல்.

அமெரிக்காவில் 2008க்குப் பிறகு நிலக்கரி ரயில்கள் பாதிக்கும் கீழே போயின. அங்கே சரக்கு ஓட்டுவது தனியார் கம்பெனிகள். ஆட்களைக் குறைத்துச் சமாளித்தார்கள். நெடுந்தூரப் பயணிகள் ரயிலின் நட்டம் அரசு உதவியில் ஓடும் ஆம்டிராக் என்ற தனி ரயில் நிறுவனத்தின் தலையில் இருப்பதால் அது அவர்களைத் தொடவில்லை. நம் ரயில்வே இரண்டையும் ஒரே கணக்கில் சுமக்கிறது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. நிலக்கரிக்கு வாங்கும் கூடுதல் கூலி கடைசியில் மின்கட்டணத்தில்தான் வந்து விழுகிறது. ரயில் ஏறாத ஏழையும் ரயில் பயணிக்காகக் கரண்ட் பில்லில் பணம் கட்டுகிறார். முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவரின் டிக்கெட்டை ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போகிறார்கள். அந்தச் செலவை மின்கட்டணத்தில் ஒளிக்காமல் மத்திய பட்ஜெட்டில் தனித் தொகையாக ஒதுக்கி ரயில்வேக்குக் கொடுக்க வேண்டும். 2017இலிருந்து ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டுக்குள்தான் இருக்கிறது, அதனால் இதற்குப் புது ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நிலக்கரி வருமானம் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.