ஒரு மைலுக்கு எத்தனை வீடு? மின்கட்டணக் கேள்விகள் சில

கூட்டுறவு என்றால் நமக்கு ரேஷன் கடையும் பால் சங்கமும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு மின்சாரமே கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. அந்த பில்லைப் பார்த்துக் குழம்பி எழுதியவர்களுக்கு இந்த முறை பதில்.

ஆறு வாரம் ஊருக்குப் போயிருந்தோம். மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வந்தால் பில்! முன்பு தனியார் கம்பெனியிடம் இருந்தபோது நிலைக் கட்டணம் இதில் பாதிகூட இல்லை. (வாசகி, லியாண்டர், டெக்சஸ்)

நீங்கள் கட்டியது மின்சாரத்துக்கு அல்ல, கம்பிக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான்சன் சிட்டி பக்கம் காரில் போய்ப் பாருங்கள். கம்பம், கம்பம், கம்பம், அப்புறம் ஒரு வீடு. மறுபடியும் கம்பங்கள், நாலு மாடு, இன்னொரு வீடு. உங்களுக்கு மின்சாரம் தரும் பெடர்னாலிஸ் கூட்டுறவுச் சங்கம்தான் அந்தக் கம்பிக்கும் சொந்தக்காரர்.

அமெரிக்கக் கூட்டுறவுகளில் ஒரு மைல் கம்பிக்குச் சராசரியாக 8 இணைப்புகள்தான் இருக்கின்றன. மற்ற மின் நிறுவனங்களுக்கு முப்பதுக்கும் மேல். கணக்குக்காக, ஒரு மைலைப் பராமரிக்க ஆண்டுக்கு 4,800 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 வீடு பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் 50 டாலர். 32 வீடு பங்கிட்டால் 12.50. வீடு பூட்டிக் கிடந்தாலும் கம்பம் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இந்தக் கூட்டுறவுகள் பிறந்ததே அதனால்தான். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கிராமத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு துறையைத் தொடங்கினார், 1936-இல் சட்டம் வந்தது, குறைந்த வட்டிக் கடனை வாங்கிக்கொண்டு விவசாயிகளே சங்கம் அமைத்தார்கள். கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய எலும்பைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மின் விநியோகம் கூட்டுறவுகள் கையில். வாடிக்கையாளர்களோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான்.

லியாண்டரில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். மலைப்பக்கத்துப் பண்ணைக்காரரின் கம்பிச் செலவில் ஒரு பங்கை உங்கள் தெரு சுமக்கிறது.

லாபமே வைக்காத சங்கம் மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? (வாசகர், கொலராடோ)

லாபம் இல்லாதது பெரிய சேமிப்புதான். தனியார் கம்பெனி போட்ட மூலதனத்தில் பங்குதாரர் பணத்துக்கு ஆண்டுக்கு ஒன்பதரை, பத்து சதவீத வருமானம் ஈட்ட, மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையம் அனுமதிக்கிறது. நூறு டாலர் சப்ஸ்டேஷனில் பாதி பங்குதாரர் பணம் என்றால், பில்லில் ஆண்டுக்கு ஐந்து டாலர் அவர்களுக்கு. அதன்மேல் வருமான வரி வேறு. தேவைக்கு மேல் கட்டடம் கட்டும் சபலம் கம்பெனிகளுக்கு வருவதும் இதனால்தான். மூலதனம் பெருகினால் லாபமும் பெருகும்.

கூட்டுறவுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் கடன் கொடுத்தவர், வட்டியைக் கட்டிய பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்று நிபந்தனை போடுவார். அதையும் கட்டணத்தில்தான் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிது, மின்சாரத்தை வாங்கும் விலை. ஊர்ச் சங்கம் பெரும்பாலும் உற்பத்தி செய்வதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து நடத்தும் மொத்த விற்பனைக் கூட்டுறவிடம் நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்குகிறது. உங்கள் பக்கத்து டிரை-ஸ்டேட் அப்படிப்பட்டதுதான். சொந்தமாக 5 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி செய்யக் கூடாது என்ற அதன் கட்டுப்பாட்டை நியூ மெக்சிகோவின் கிட் கார்சன் சங்கத்தால் பொறுக்க முடியவில்லை. 2016-இல் 37 மில்லியன் டாலர் விலகல் கட்டணம் கட்டி வெளியேறியது. உங்கள் மாநிலத்தின் டெல்டா-மான்ட்ரோஸ் சங்கமும் 2020-இல் அதே வழியில் போனது. பில்லில் பெரிய பங்கு இந்த மொத்த விலைதான் என்பதால், உங்கள் சங்கம் யாரிடம் எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சங்கம் பிடிக்கவில்லை, கம்பெனிக்கு மாறலாமா?

பொதுவாக முடியாது. எந்தப் பகுதிக்கு யார் மின்சாரம் தருவது என்று எல்லை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை மாற்றினால்தான் உண்டு.

கட்டணத்தை ஏற்றினால் யாரிடம் முறையிடுவது? (வாசகர், சீடர் பார்க், டெக்சஸ்)

கம்பெனி என்றால் மாநில ஆணையத்தின் விசாரணையில் பேசலாம். டெக்சஸில் கூட்டுறவின் சில்லறைக் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுதான் நிர்ணயிக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு. அந்த வாக்குச்சீட்டு வந்த உறையை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

உறுப்பினர்கள் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பெடர்னாலிஸ் சங்கமே சாட்சி. 2007-இல் உறுப்பினர்கள் வழக்குப் போட்ட பிறகுதான் தேர்தல் முறை திறந்தது. 2010-இல் முன்னாள் பொது மேலாளர் நிதி முறைகேட்டு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

கம்பெனியைக் கூட்டுறவு வாங்கி, கட்டணம் குறைந்த கதை உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 2002-இல் மக்களே ஒரு கூட்டுறவு அமைத்து, அங்கிருந்த மின் கம்பெனியை 215 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். வாங்கிய மறுநாளே ஒன்றும் குறையவில்லை. எரிபொருள் எண்ணெய், அதன் விலைக்கேற்ப பில். பிறகு சூரிய ஒளியும் பேட்டரியும் ஏறின. 2019 வாக்கில் பெரிய பேட்டரியோடு கூடிய ஒரு சூரிய மின் நிலையத்திலிருந்து யூனிட் 11 சென்ட் அளவில் வாங்கத் தொடங்கினார்கள். 2022-இல் எண்ணெய் விலை எகிறியபோது மற்ற ஹவாய்த் தீவுகள் தவித்தன, ஒரு காலத்தில் அதிகக் கட்டணம் கட்டிய கவாய் அவற்றைவிடக் குறைவாகக் கட்டியது.

இந்தியாவில் இப்படி இருக்கிறதா?

தெலங்கானாவின் சிரிசில்லாவிலும் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் 1970-ஐ ஒட்டிய காலத்திலிருந்து இருக்கிறது.

‘கேப்பிடல் கிரெடிட் 84 டாலர் ஒதுக்கப்பட்டது’ என்று கடிதம் வந்தது. காசோலை இல்லை. நாங்களோ வீட்டை விற்றுச் சென்னைக்கே திரும்புகிறோம். (வாசகி, டெக்சஸ்)

அது உங்கள் பணம்தான், இப்போது கைக்கு வராது. ஆண்டு முடிவில் மிஞ்சியதை, நீங்கள் கட்டிய பில்லுக்கு ஏற்ப உங்கள் பெயரில் வரவு வைக்கிறார்கள். அதையே சங்கம் மூலதனமாகப் புழங்கிக்கொள்ளும். நிதி நிலைமை இடம் கொடுத்தால் இயக்குநர் குழு திருப்பித் தரும். பதினைந்து, இருபது ஆண்டு ஆவது சாதாரணம். கம்பெனி பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது நீங்கள் கூடுதலாகக் கட்டியது திரும்பி வருவது.

இணைப்பைத் துண்டித்தாலும் வரவு அழியாது. ஆள் எங்கே என்று தெரியாமல்தான் பலருடைய காசோலை திரும்பிப் போகிறது. கடைசி பில்லைக் கட்டும் நாளிலேயே சென்னை முகவரியையும், வாரிசாக மகன் அல்லது மகள் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.