யங் மார்பிள் ஜயண்ட்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, யங் மார்பிள் ஜயண்ட்ஸ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தது யார்?

பதில்: யாருமில்லை தம்பி. குழுவில் இருந்த ஸ்டூவர்ட் மாக்ஸம், ஃபிலிப் மாக்ஸம் இருவரும் அண்ணன் தம்பி. அவர்களுடைய உறவினர் பீட்டர் ஜாய்ஸ் கையாலேயே செய்த டிரம் மெஷின், அதாவது தானாகத் தாளம் போடும் கருவி ஒன்று இருந்தது. அதன் தாளத்தை டேப்பில் பதிந்து, மேடையில் ஓடவிட்டு வாசித்தார்கள்.

கேள்வி: இவர்களைப் போஸ்ட்-பங்க், அதாவது பங்க் ராக்குக்குப் பின் வந்த இசைவகை என்கிறார்கள், பாட்டு இவ்வளவு மெதுவாக இருக்கிறதே?

பதில்: எனக்குப் பிடித்ததே அதுதான். 1978இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தொடங்கியபோது, சத்தம் போடுவதுதான் துணிச்சல் என்று பலர் நினைத்த காலம். இவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள். ஸ்டூவர்ட் கிடார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கியபடியே மீட்டுவார். ஒவ்வொரு சுரமும் 'டுக்' என்று எழுந்து உடனே அடங்கிவிடும். அந்த இடைவெளியில் ஃபிலிப்பின் பேஸ் கிடார் மெட்டையே எடுத்து நடத்தும். மேலே பாடகி அலிசன் ஸ்டாட்டன், பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே பாடுபவரைப் போல, எந்த ஜோடனையும் இல்லாமல் பாடுவார். ஹெட்போனில் கேளுங்கள். கருவிகளுக்கு நடுவே இருக்கும் மௌனமும் காதில் விழும்.

கேள்வி: எத்தனை ஆல்பம் சார்?

பதில்: ஒன்றே ஒன்று. 'கொலோசல் யூத்', 15 பாடல்கள். ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1980இல் வெளியிட்டது. அப்புறம் சில சிறு இசைத்தட்டுகள், அவ்வளவுதான்.

கேள்வி: ஏன் கலைந்தார்கள்?

பதில்: பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ஸ்டூவர்ட், பாடியவர் அலிசன். தன் பாட்டைத் தானே பாட வேண்டும் என்ற ஆசை ஸ்டூவர்ட்டுக்கு இருந்தது. மூன்றே பேர் உள்ள குழுவில் அந்த உரசலை ஒளித்துவைக்க இடமில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்டூவர்ட் 'தி ஜிஸ்ட்' என்ற குழுவைத் தொடங்கினார், அலிசன் 'வீக்கெண்ட்' குழுவுக்குப் போனார்.

கேள்வி: நிர்வானா குழுவின் ரசிகன் நான். அதன் பாடகர் கர்ட் கோபேனுக்கு இவர்களைப் பிடிக்குமாமே?

பதில்: ஆமாம், தன் விருப்ப ஆல்பங்களின் பட்டியலில் 'கொலோசல் யூத்'தை எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவி கோர்ட்னி லவ்வின் 'ஹோல்' குழுவும் இவர்களின் பாடல் ஒன்றை 1994இல் முழு இரைச்சலோடு பாடியது. எனக்கு மூலப் பாடல்தான் நெருக்கம்.

கேள்வி: முதலில் எதைக் கேட்பது?

பதில்: 'ஃபைனல் டே'. மூல ஆல்பத்தில் இருக்காது, தனியாகத் தேட வேண்டும். அணுகுண்டு விழும் நாளைப் பற்றிய பாட்டு, இரண்டு நிமிடம்கூட வராது. பின்னால் ஒரே ஒரு உச்ச சுரம் விடாமல் ஒலிக்கும். அலிசன் குரலை உயர்த்தவே மாட்டார்.