அந்தப் பால் கவர் மூட்டையை ஏன் தூக்கிப் போட்டாய்?

கேள்வி:

எனக்கு 27 வயது. ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீடு மடிப்பாக்கத்தில், தரைத்தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மாடி வீட்டுக்காரர்களோடு இருந்தோம். 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. இப்போதெல்லாம் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை பூமி சூடாவதைப் பற்றிய செய்திகளையே படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கவலையே இல்லை. அப்பா ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அம்மா ஒரு முழம் பூவைக்கூட கேரி பேக்கில் வாங்கி வருகிறார். மழை வலுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல அரிசி டிரம்மைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். பெரியப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்ததைப் பார்த்து, "உங்கள் தலைமுறைதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பெரிய சண்டை. போன மாதம் சமையலறையை ஒழுங்குபடுத்தும்போது, அம்மா சேர்த்து வைத்திருந்த பால் கவர் மூட்டை, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ஆன்லைனில் ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடிகள் வாங்கி அடுக்கினேன். அதற்கும் மூன்று நாள் பேசவில்லை. இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், சென்னை-91

பதில்:

என் மகளைவிட நீ சின்னவள். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுசாக மூன்று பக்கம் எழுதியிருந்தாய். அதில் நான் நின்றுபோனது ஒரே ஒரு சொல்லில். "அதற்கும் மூன்று நாள் பேசவில்லை." அதற்கும் என்று ஒரு 'உம்' போட்டிருக்கிறாயே, அந்த 'உம்'தான் எனக்கு ஆகவில்லை. ஏசி சண்டை, கேரி பேக் சண்டை, கல்யாணச் சண்டை, அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று எண்ணிவிட்டுப் போய்விட்டாய். இது அந்த வரிசையில் வராது. மற்றதெல்லாம் வாய்ப் பேச்சு. இதில் மட்டும்தான் நீ ஒரு காரியம் செய்திருக்கிறாய். செய்த ஒரு காரியமும் தப்பு.

உன் அம்மா அந்தக் கவர்களை எப்படிச் சேர்த்தார் என்று ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறாயா? உன் வீட்டுக்கு வராமலே எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வயதுப் பெண்கள் பலர் வீட்டில் தினமும் நடப்பது இது. காலையில் கவரின் மூலையை வெட்டுவோம். முழுசாக வெட்டி எடுக்கமாட்டோம், ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுவோம். அந்தத் துணுக்கு தனியாக விழுந்தால் யாராலும் பொறுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் பாத்திரத்தில் சேர்ப்போம். அப்புறம் மேல்பக்கத்தை நீளமாக வெட்டித் திறந்து, உள்ளே வெளியே திருப்பிக் கழுவி, அடுப்புக்குப் பக்கத்து டைல்ஸ் சுவரில் அப்பிவிடுவோம். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தானே கழன்று விழும். விழுந்ததை எடுத்து அடுக்கி, இன்னொரு கவருக்குள் திணித்து வைப்போம்.

தினமும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட் என்றால் வருஷத்துக்கு 730 கவர். ஒவ்வொன்றுக்கும் உன் அம்மா கை நனைத்திருக்கிறார். கழுவாத கவர் இரண்டு நாளில் நாறிவிடும், பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் வைக்கமாட்டார். கழுவிக் காய்ந்தது என்றால் வாங்கிக்கொள்வார். காரணம் இருக்கிறது. பால் கவர் பாலிஎத்திலீன், ஒரே ஜாதிப் பிளாஸ்டிக். உருக்கிக் குருணையாக்கினால் மறுபடி வேறு பொருளாகும். சிப்ஸ் பாக்கெட் அப்படியில்லை, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது, பிரிக்க முடியாது, எந்தக் கடையும் எடுக்காது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்தபோதுகூட, பால் கவருக்கு விலக்குக் கொடுத்தார்கள். வேறு வழியில்லை, பால் வீடு வந்து சேர வேண்டுமே. சட்டம் தொடாமல் விட்ட அந்தப் பிளாஸ்டிக்கை உன் வீட்டில் ஒருவர் யாரும் சொல்லாமலே ஒழுங்காகக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார்.

அதை எடுத்து நீ குப்பை வண்டியில் போட்டாய். மடிப்பாக்கத்துக் குப்பை எங்கே போகும் என்று இவ்வளவு செய்தி படிக்கிற உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெருங்குடிக்கு. பெருங்குடிக் குப்பைமேடு எழும்பியது எதன்மேல்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல். தென்சென்னை ஏரிகள் நிறைந்து வழிகிற தண்ணீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகவேண்டிய இடம் அது. ஒரு காலத்தில் இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, நல்லது. அதற்குள் குப்பையும் கட்டடமும் ரோடும் அதன் பெரும்பகுதியைத் தின்று முடித்திருந்தன. நிற்க இடமில்லாத தண்ணீர்தான் உன் வீட்டுக்குள் வந்தது. உன்னை ராத்திரி இரண்டு மணி வரை விழிக்கவைக்கிற பயம் எங்கே உற்பத்தியானதோ, அங்கேயே உன் அம்மா கழுவிக் காயவைத்த மூட்டையை உன் கையாலேயே அனுப்பி வைத்திருக்கிறாய்.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி வாங்கியிருக்கிறாய். ஒரு புது ஜாடிக்கு மணலை 1,500 டிகிரி சூட்டில் உருக்குகிறார்கள். அது உடையாமல் வந்து சேர அட்டைப்பெட்டி, அதற்குள் பபுள் ராப், வாசல்வரை வண்டி. துவரம்பருப்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

சரி, இதனால் உன் அம்மாவை நான் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர் அந்தக் கவர்களைப் பூமிக்காகக் கழுவவில்லை. இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ வரும் என்று கழுவினார். ஒரு பொருளை வீணாக்கினால் வயிறு எரிகிற வளர்ப்பு அவருடையது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டவர்கள், ரேஷன் மண்ணெண்ணெய்க்குக் கால் கடுக்க நின்றவர்கள், அண்ணன் சட்டையைத் தம்பிக்கு வெட்டித் தைத்தவர்கள். இல்லாமையில் பிறந்த பழக்கம் அது. இதில் நான் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. இல்லாமையில் வந்த பழக்கம், கையில் காசு புழங்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். உன் அப்பாவையே எடுத்துக்கொள். உன் சின்ன வயதில், அறையில் ஆளில்லாமல் ஃபேன் ஓடினால் யார் கத்தியிருப்பார்? அதே மனிதர்தான் இன்றைக்கு 18 டிகிரியில் போர்வை போர்த்துகிறார். பழக்கம் இருந்தது, காசில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்தக் காரணம் போனதும் பழக்கமும் போய்விட்டது.

உன்னிடம் காரணம் இருக்கிறது. மலை மலையாக இருக்கிறது. பழக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மாவிடமிருந்து நீ வாங்கிக்கொள்ள வேண்டிய சொத்து எதுவோ, அதைத்தான் குப்பை என்று நினைத்துவிட்டாய்.

பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுதமாட்டேன். இரண்டு தடவை வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவளுக்கு மழை என்றால் பயம் வரத்தான் செய்யும். 2021-ல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். எனக்கு வருகிற கடிதங்களிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு மருமகள் மாமியாரைப் பற்றி எழுதுவாள், ஒரு பையன் அப்பாவைப் பற்றி எழுதுவான், கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது. யாரும் இதுவரை "நான் என்ன செய்யட்டும்" என்று கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை.

மூன்று பக்கத்தையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். நீ கடைக்குப் போனதாக ஒரு வரி இல்லை. கேரி பேக்கில் பூ வாங்கி வருகிறார் அம்மா. காய் வாங்குவது யார்? மளிகை? அதுவும் அம்மாவாகத்தான் இருக்கும். அறுபதை நெருங்குகிற ஒரு பெண், ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் வெயிலுக்குக் குடை, அதில் பூவையும் பிடிக்க வேண்டும். உன் ஹேண்ட்பேக்கில் ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டு வரும்போது பூவும் காயும் நீ வாங்கி வந்தால் கேரி பேக் சண்டை அன்றோடு முடிந்தது. அரசாங்கம் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கியது. அந்தப் பையைத் தூக்குகிற கை யாருடையது என்பது மட்டும் இன்னும் மாறவில்லை. வீட்டில் குப்பை பிரிப்பது, பாட்டில் கழுவுவது, பை தைப்பது, பூமியைக் காப்பாற்றுகிற வேலையெல்லாம் அம்மாக்கள் தலையிலேயே விழுகிறது. அந்த வேலையில் பாதியைத் தோளில் வாங்காத பிள்ளைக்கு, அதில் குற்றம் சொல்லும் உரிமை கிடையாது. இது என் கட்சி. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கல்யாண விஷயம். பாட்டிலைப் பற்றிச் சொன்னது சரி. பந்தியில், சம்பந்திகள் காதில் விழ, பெற்றவர்களை நிற்கவைத்துச் சொன்னது சரியில்லை. பெரியப்பாவிடம் முன்னாடியே போய், "தண்ணீர் கேனும் டம்ளரும் வைக்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பெடுத்திருந்தால் அவர் வேண்டாம் என்றிருக்கமாட்டார்.

அப்பாவுக்கு மட்டும் நீ உன் பக்கத்திலிருந்தே பேசலாம், ஆனால் அவர் பாஷையில் பேசு. ஒன்றரை டிகிரி, துருவப் பனி எதுவும் அவர் காதில் ஏறாது. 500 யூனிட் ஏறும். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் நம் ஊர் ஈ.பி. பில் எப்படி எகிறும் என்பது அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் துறையே சொல்கிற கணக்கு. 2020 முதல் ஸ்டார் போட்ட ஏசிகள் 24-லேயே தொடங்கும்படி விதியும் போட்டிருக்கிறார்கள். போன கோடைக்கால பில்லை எடுத்து அவர் முன்னால் வை. 24-ல் வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டு ஒரு மாதம் பார்க்கலாம் என்று கேள். போர்வை தேவைப்படாது என்பதையும் சொல்.

அம்மாவிடம் செய்ய வேண்டியது வேறு. மன்னிப்புக் கேள். பொதுவாகக் கேட்காதே, பால் கவருக்கென்று கேள். "நீ கழுவி வைத்ததை நான் தெரியாமல் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று அந்த வார்த்தையிலேயே சொல். நாளைக் காலையிலிருந்து கவர் கழுவுவது உன் வேலை. ஐந்தரைக்கு எழுந்தால்தான் முடியும், அதற்கு இரண்டு மணி வரை போனைப் பார்க்க முடியாது. மூட்டை சேர்ந்ததும் வண்டியில் நீயே கொண்டுபோய்ப் போடு, வந்த காசை அம்மா கையில் கொடு. புது ஜாடிகளைத் திருப்பி அனுப்பாதே, வந்தது வந்துவிட்டது. உடையும்வரை அவைதான் உங்கள் வீட்டுப் பருப்பு டப்பா.

இன்னொன்று. மழை வந்தால் அம்மா "ஒன்றுமே நடக்காததுபோல" அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றுகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றுமே நடக்காதவள் எதற்கு டிரம்மைத் தூக்குகிறாள்? உனக்கு வருகிற அதே பயம்தான் அவருக்கும். உனக்கு அது போனில் போகிறது, அவருக்கு அரிசியில் போகிறது. இந்த ஐப்பசியில் மழை பிடித்தால் போனை வைத்துவிட்டு எழுந்து போ. டிரம்மில் இருபத்தைந்து கிலோ இருக்கும், அந்த வயதில் ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நீ ஒரு பக்கம் பிடி.