நிலாவுக்கு நடுப்பெயர்: அலமேலுவா, மங்கையா?

குழந்தைக்கு நிலா என்று பெயர் வைத்து, பாட்டி பெயரை நடுப்பெயராகச் சேர்க்க அலமேலுவா மங்கையா என்று கேட்டிருந்தீர்கள். 'நிலா மங்கை சரவணன்' என்றே வையுங்கள். பாட்டியின் முழுப்பெயர் அலமேலு மங்கை என்கிறீர்கள். அதில் பின்பாதி போதும், பாட்டி பெயர் வைத்ததாகவே ஆகும்.

'நிலா அலமேலு' காதில் உட்காரவில்லை என்றதற்குக் காரணம் புணர்ச்சிதான், அதாவது இரண்டு சொற்கள் சேரும்போது வரும் ஒலி மாற்றம். 'நிலா' ஆகாரத்தில் முடிகிறது. அடுத்து உயிரெழுத்து வந்தால் நடுவில் 'வ்' தானாக நுழைந்து 'நிலாவலமேலு' ஆகிவிடும். நீங்கள் யோசித்திருந்த 'இனியா'வுக்கும் இதே கதி: நிலாவினியா. மெய்யில் தொடங்கும் பெயர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

சந்தேகம் இருந்தால், சமையலறையில் நின்று மாடியில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மூன்று பெயரையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். கோபமாக ஒருமுறை. அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாத நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். மங்கையை அவர் 'மாங்காய்' ஆக்கினால் எழுத்துக்கூட்டலை மாற்றுங்கள், பெயரை அல்ல. (பள்ளியில் எப்படியும் நிலா என்றுதான் அழைப்பார்கள்.)

ஒன்று மட்டும் கவனம். இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அதற்குள் எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் எடுப்பதாக இருந்தால், அதில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'நிலா மங்கை' இரண்டும் சேர்ந்தே 'Given Name' கட்டத்தில் வரும். பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்தில் நிரப்புங்கள்.