பூட்டனார் பெட்டியில் ஏட்டுக்கட்டு: எழுதியவர் யார், இனி என்ன செய்வது?

வாசகர் கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பழைய வீட்டைப் பிரித்தபோது பூட்டனாரின் மரப்பெட்டியில் மூன்று ஏட்டுக்கட்டுகள் கிடைத்தன. ஒரு கட்டின் கடைசி ஓலையில் பூட்டனார் பெயர் இருப்பதாக ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். அப்படியானால் அந்த நூலைப் பாடியவர் அவர்தானா? சிலர் இது நாடி ஜோதிடம் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் எழுத்துத் தெளியும் என்கிறார்கள். ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லி இரண்டு முறை வந்துவிட்டார். சில படங்கள் அனுப்பியிருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்: முதல் வேலையாக அந்தத் தேங்காய் எண்ணெயை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஓலையில் பட்டால் பிசுக்குப் பிடிக்கும், தூசி ஒட்டும், நாள்பட்டால் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

உங்கள் முதல் கட்டு நாடி ஜோதிடம் இல்லை. முதல் ஓலையில் கணபதி காப்பு இருக்கிறது. அடுத்த ஓலையில் கயிலாயம், பார்வதி, விளக்குச் சுடர் என்று வருகிறது. உங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். சுடலைமாடன் பிறந்த கதை போலத்தான் எனக்குத் தெரிகிறது. முழுக்கட்டையும் படித்தால் உறுதியாகிவிடும்.

இப்போது கடைசி ஓலைக்கு வருவோம். உங்கள் படத்தில் நான் படித்தது இது: ‘கொல்லம் ௲௫௰ ௵ பவ ௵ தை ௴ ௰௨ ௳ எழுதி முகிந்தது’. அதன் கீழே இரண்டு பெயர்கள். உங்கள் பூட்டனார் பெயரை அடுத்து ‘ஏடு’ என்றும், இன்னொருவர் பெயரை அடுத்து ‘கையெழுத்து’ என்றும் இருக்கிறது. பெயர்களை இங்கே போடவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. பூட்டனார் ஏட்டுக்குச் சொந்தக்காரர். அதை எழுதியவர் மற்றவர். கதையைக் கட்டியவர் இந்த இருவருமே இல்லாமல் இருக்கலாம். வில்லுப்பாட்டுக் கதைகளில் பெரும்பாலும் பாடியவர் பெயர் தங்குவதில்லை. வாய்வழியாக வந்ததை யாரோ ஏட்டில் ஏற்றுவார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார்.

இதைப் படித்து நீங்கள் ஏமாந்துபோக வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு கதையை முழுசாக எழுதி வாங்கி வைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. பனையோலையைப் பதமாக வெட்டி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, துளையிட்டு, பிறகுதான் எழுத்தாணி தொட வேண்டும். எழுதுகிறவர் ஓலையை இடக்கையில் பிடித்து, அந்தக் கைக் கட்டைவிரல் நகத்தில் போட்டிருக்கும் பள்ளத்தில் எழுத்தாணியைப் பொருத்திக்கொள்வார். வலக்கை அதிகம் நகராது. ஓலைதான் நகரும். கீறி முடித்த ஓலையில் விளக்குக் கரியும் இலைச்சாறும் சேர்ந்த மசியைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு நின்று எழுத்துத் துலங்கும். உங்கள் ஏட்டில் ஒவ்வொரு ஓலையிலும் ஏழு வரி இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் எழுத்தின் உயரம் மாறவில்லை. நன்றாகப் பழகிய கை அது.

தேதியையும் பார்த்துவிடுவோம். ௲ ஆயிரம், ௫ ஐந்து, ௰ பத்து. ஆயிரத்து ஐம்பது என்று சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்து ஆயிரத்து ஐந்து, பத்து என்று குழம்புகிறவர்கள் உண்டு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள் என்பவற்றின் குறிகள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது, உங்கள் பக்கத்தில் ஆவணியில் வருஷம் பிறக்கும். அதனால் தை மாதத்துக்கு 825ஐக் கூட்ட வேண்டும். 1050உடன் 825 சேர்ந்தால் 1875. ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை என்றால் 824 கூட்டினால் போதும். பவ வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். வெறும் ‘பவ’ என்று மட்டும் இருந்திருந்தால் 1814, 1874, 1934 என்று மூன்று வழியில் இழுபடும். கொல்லமும் கூட இருப்பதால் சந்தேகமே இல்லை. 1874 சித்திரையில் பிறந்த பவ வருஷத்துத் தை, அதாவது 1875 ஜனவரி. இரண்டு கணக்கும் ஒத்துப்போவதால் எழுதியவர் கவனமானவர் என்றும் தெரிகிறது.

ஏடு எழுதுகிறவர் என்றதும் ஏதோ எடுபிடி வேலை என்று இன்று நினைக்கிறார்கள். நம் மரபில் அந்த வேலைக்கு இருந்த மரியாதையைப் பார்க்கத் திருவாசகக் கதை ஒன்றே போதும். மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் தில்லைக்கூத்தனே மனித வடிவில் வந்து ஏட்டில் எழுதினான், முடித்துவிட்டு மாணிக்கவாசகன் சொல்லத் திருச்சிற்றம்பலமுடையான் எழுதியது என்று கடைசியில் கைச்சாத்துப் போட்டான் என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. உங்கள் கடைசி ஓலையிலும் அப்படித்தான், எழுதியவர் தன் பெயரைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

அரண்மனையில் இதற்குப் பெரிய பதவியே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை ஓலையில் ஏற்றுகிறவர் ‘திருமந்திர ஓலை’, அவருக்கு மேலே ‘திருமந்திர ஓலைநாயகம்’. அந்த ஓலை ஊருக்கு வந்து, படிக்கப்பட்டு, பிறகுதான் கல்லில் ஏறும். ஊர்ச்சபைகளும் அப்படித்தான். குடவோலை முறைக்குப் பேர்போன உத்தரமேரூர்க் கல்வெட்டில், சபையார் பணிக்க இதை எழுதினேன் என்று மத்தியஸ்தன், அதாவது சபைக்கு எழுதுகிறவன், தன் பெயரைச் சொல்லி முடிக்கிறான். முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். சபை சொன்னது ஒன்று, எழுதப்பட்டது இன்னொன்று என்று பின்னால் யாரும் கிளப்பினால், எழுதியவன்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதியவன் பெயர் ஒரு பொறுப்பு. கிராமத்தில் கர்ணம், கணக்கப்பிள்ளை என்று நம் தாத்தாக்கள் காலம் வரைக்கும் அந்தப் பொறுப்பு தொடர்ந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளைத் தமிழக அரசு 1980இல் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது.

இலக்கியம் தப்பிப் பிழைத்த கதையோ முழுக்க முழுக்க இந்தக் கைகளின் கதை. நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிது. கரையான், ராமபாணப் பூச்சி, ஈரம் எல்லாம் சேர்ந்து அரித்துவிடும். அப்படியிருக்க, ஈராயிரம் வருஷத்துப் புறநானூறு 1894இல் உ.வே.சாமிநாதையர் கையில் அச்சேறியது என்றால், இடையில் எத்தனை பேர் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படியெடுத்திருக்க வேண்டும்! அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. படியெடுக்க ஆள் இல்லாமலோ ஓலை நைந்துபோயோ விட்டதால் போனவையும் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய பதிப்பாசிரியர்கள் ‘ஏடெழுதுவோர் பிழை’ என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் எழுதினவர்கள் பக்கம்தான் சாய்கிறது. பிழையோடு எழுதிவைத்ததால்தான் திருத்துவதற்காவது நம்மிடம் ஒரு நூல் இருக்கிறது.

அந்தப் பிழைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நீங்களே படிக்க முயலும்போது உதவும். ஏட்டில் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் பழைய எழுத்தில் தெரியாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் இல்லை. அதனால் ‘கொல’ என்று பார்த்தால் அது கொல், கோல், கொல எதுவாகவும் இருக்கலாம். ‘பெறு’ என்பது பேறாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் பார்த்து, ஓசையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒருவர் படிக்க இன்னொருவர் கேட்டு எழுதிய ஏடு என்றால் ர/ற, ல/ள/ழ, ன/ண மாறிக் கிடக்கும். பார்த்து எழுதியது என்றால் ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு வரிகளில் கண் தாவி, நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். உங்கள் படத்தில் ‘அளகு’, ‘வளி’ என்று இருக்கிறது பாருங்கள், அழகும் வழியும்தான். காதில் விழுந்தபடி கை எழுதியிருக்கிறது. உங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே ஓலையில் பதிந்திருக்கிறது. படியெடுக்கும்போது தயவுசெய்து அதைத் திருத்திவிடாதீர்கள். ஓலையில் இருப்பது இருக்கிறபடியே ஒரு பக்கம், உங்கள் வாசிப்பு எதிர்ப்பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டு ஓலைகள் ஒட்டிப்போய் இருக்கின்றன. அதைக் கத்தி, ஊசி கொண்டு நெம்பவே கூடாது. தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கட்டை ‘ஏதோ கணக்கு’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் ரொம்ப ஆசையாக இருக்கிறது. படத்தில் ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய் எல்லாம் தெரிகின்றன. மா, காணி என்று பின்னக் கணக்கும் வருகிறது. ஒரு மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. யாருக்கு எவ்வளவு நெல், எந்த வயல், யார் பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். சுடலைமாடன் கதைக்கு வேறு ஏடுகள் உண்டு. உங்கள் வீட்டுக் கணக்குக்கு இன்னொரு படி கிடையாது. எழுத்தும் முதல் கட்டின் எழுத்து இல்லை, அவசரமான, சாய்ந்த கை. உங்கள் பூட்டனார் கைப்பட எழுதியது எதுவும் இருந்தால் அது இந்தக் கட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் கைச்சாத்திட்ட பழைய பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. கயிற்றை முழுதாக உருவாதீர்கள், வரிசை கலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு. இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும், அந்த வரிசையிலேயே ஒவ்வோர் ஓலையையும் இரு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். மசி போய் எழுத்து மங்கின இடத்தில், டார்ச்சை ஓலைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்துத் தானாகத் தெரியும், எண்ணெய்க்கு வேலையே இல்லை. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். தண்ணீர், ஈரத்துணி, வெயில், செலோடேப், லேமினேஷன், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தனியாக ஒரு சிறு துணி முடிச்சில் வசம்பு வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எலுமிச்சைப்புல் தைலம் பூசுவதும் மசி ஏற்றுவதும் நூலகத்துக்காரர்கள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

ஒட்டிப்போன கட்டுக்குச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ அணுகுங்கள். முதலில் படங்களைக் காட்டிப் பேசிவிட்டுப் பிறகு கட்டை எடுத்துப்போகலாம். கொடுப்பதென்றால் ஓலை எண்ணிக்கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், மின்படி ஒன்று உங்களுக்கும் வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடுங்கள்.

விலை கேட்டு வந்தவரிடம் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, எழுபத்தைந்து வருஷத்துக்குக் குறையாத, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள்தான். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விலைக்குப் போன கட்டு, நல்ல ஓலை தனி, கெட்ட ஓலை தனி என்று பிரிந்துபோகவும் கூடும். அப்படிப் பிரிந்தால் கடைசி ஓலை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் போய்விடும், எழுதியவர் யார் என்று பிறகு யாருக்கும் தெரியாது. படங்கள் எடுத்து முடிந்ததும் கணக்குக் கட்டின் முதல் பத்து ஓலைகளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே படிக்கலாம்.